பழைய பெண் நாவலாசிரியர்கள்: எங்கே தொடங்குவது, எந்தப் பதிப்பை வாங்குவது

வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதியவர் என்பது போட்டித் தேர்வுக்குப் படித்த எல்லாருக்கும் தெரியும். அந்த 115இல் ஒன்றையாவது படித்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தமிழ் நாவல் வரலாற்றில் பெண்கள் வரும் இடமெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது, பெயர் தெரியும், எண்ணிக்கை தெரியும், புத்தகத்தைத்தான் கண்ணில் பார்த்திருக்க மாட்டோம். இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மறுபதிப்புகள் வருகின்றன, பழைய பிரதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் புதிதாக வருகிறவர் முதலில் எதை எடுப்பது, கடையில் ஒரே நாவல் மூன்று அட்டையில் இருந்தால் எதை வாங்குவது என்று சொல்ல ஆளில்லை. ஆங்கிலத்தில் இந்த வேலைக்கென்றே வரிசைகள் உண்டு. 1973இல் லண்டனில் தொடங்கிய விராகோ பதிப்பகம் 1978 முதல் மறக்கப்பட்ட பெண் எழுத்தாளர்களைத் தனி வரிசையாகவே கொண்டுவந்தது, கடையில் அந்தப் பச்சை முதுகைப் பார்த்தாலே வாசகருக்கு அடையாளம் தெரிந்துவிடும். தமிழில் மறுபதிப்புகள் பல பதிப்பகங்களில் சிதறிக் கிடக்கின்றன, ஆகவே தேடுகிற வேலை நம்முடையதுதான்.

முதல் படி: 1960களில் தொடங்குங்கள்

பலர் செய்வது, "முதல் பெண் நாவலாசிரியர் யார்" என்று தேடி, நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஸ்கேனைத் திறந்து, பத்துப் பக்கத்தில் மூச்சு முட்டி மூடிவிடுவது. காலவரிசையில் படிப்பது ஆய்வு மாணவருக்குச் சரி. படிக்கிற சுகத்துக்காக வருகிறவர் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலை முதலில் எடுக்கட்டும். 1964இல் வந்தது, காலச்சுவடு தன் தமிழ் கிளாசிக் வரிசையில் மறுபதிப்பு செய்திருக்கிறது, அளவில் சின்னது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், இதில் நீங்கள் எந்தச் சலுகையும் கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை. "அந்தக் காலத்துக்கு நல்ல முயற்சி" என்று தோளில் தட்டிக்கொடுக்கும் அவசியமே இல்லாத முழுமையான நாவல். குமரி மாவட்டத்துப் பனைவிளை, அங்கே ஒரு காலத்தில் வாழ்ந்து கெட்ட வீடு, கண்ணப்பச்சி என்று அழைக்கப்படும் தாத்தா, அவருடைய பேத்தி லிஸி. பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடம் நின்றுவிடுகிறது, வெளி உலகம் வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பனையேறியின் மகன் தங்கராஜோடு அவளுக்கு வரும் அன்பு அந்த இடுக்கிலிருந்துதான் பிறக்கிறது. இருவரும் ஒரே சமூகம்தான், ஆனால் பனை ஏறுகிற குடும்பத்துக்கும் பனை வைத்திருக்கிற குடும்பத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை ஹெப்சிபா ஒரு பிரசங்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறார். வட்டார வழக்கு முதல் சில பக்கங்களில் கொஞ்சம் இழுக்கும். விடாமல் போங்கள், அப்புறம் காதுக்குப் பழகிவிடும்.

அடுத்தது கிருத்திகாவின் 'வாசவேச்வரம்', 1966. இதுவும் காலச்சுவடு மறுபதிப்பில் உண்டு. 'புத்தம் வீடு' எவ்வளவு அடங்கிய குரலோ இது அவ்வளவு துணிச்சலான குரல். ஒரு பிராமணக் கிராமம், கதாகாலட்சேபம், ஊர் வம்பு, அதற்கெல்லாம் அடியில் திருமணமான ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற விஷயம். பெண்ணின் உடல் விருப்பத்தை 1966இல் ஒரு பெண் இப்படி நேராக எழுதியிருக்கிறார் என்பதை நம்பவே கொஞ்ச நேரம் ஆகும். இது இத்தனை வருடம் ஏன் எல்லார் வாயிலும் இல்லை என்று கோபம்கூட வரும், எனக்கு இன்னும் இருக்கிறது.

மூன்றாவதாக ராஜம் கிருஷ்ணன். இவரை மறக்கப்பட்டவர் என்று சொல்ல முடியாது, 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். ஆனால் பெயரைத் தெரிந்தவர்களில் புத்தகத்தைப் படித்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒவ்வொரு நாவலுக்கும் அந்தந்த இடத்துக்கே போய், மனிதர்களோடு பழகி எழுதியவர். 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது, 'குறிஞ்சித்தேன்' நீலகிரிப் படகர்களைப் பற்றியது. எனக்குக் 'கரிப்பு மணிகள்' தான் முதலில். உப்பு காலை அரிப்பதும், கங்காணிகளின் பார்வையும், பெண் கூலிக்கும் ஆண் கூலிக்கும் உள்ள இடைவெளியும் அதில் வெறும் தகவலாக நிற்பதில்லை, ஒரு குடும்பத்தின் அன்றாடமாகவே வரும்.

இந்த மூன்றையும் முடித்தபிறகு பின்னோக்கிப் போனால் பயமிருக்காது.

இரண்டாம் படி: அட்டையை விட்டுவிட்டு உள்ளே முதல் இரண்டு தாளைப் பாருங்கள்

வாங்குவதற்கு முன் கடையிலேயே செய்ய வேண்டிய வேலை இது. தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் பதிப்பு விவரம் இருக்கும். அங்கே முதற்பதிப்பு எந்த ஆண்டு, யார் வெளியிட்டது, இப்போது எந்தப் பிரதியைப் பார்த்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று இருக்கிறதா? "முதற்பதிப்பு" என்று போட்டு, பக்கத்தில் நேற்றைய ஆண்டை அச்சிட்டிருக்கும் புத்தகங்கள் ஏராளம். அந்தப் பதிப்பகத்தின் முதற்பதிப்பு என்று அவர்கள் அர்த்தம் சொல்லலாம், ஆனால் புதிதாக வாங்குகிறவர் இது நம் காலத்து எழுத்தாளர் என்று நினைத்துவிடுவார். 1930களில் எழுதிய ஒருவர் எதை எதிர்த்து எழுதினார் என்பதே அந்த ஆண்டு தெரியாவிட்டால் புரியாமல் போய்விடும்.

அப்புறம் முன்னுரை. நல்ல மறுபதிப்பில் இரண்டு முன்னுரை இருக்கும், ஆசிரியர் அன்றைக்கு எழுதியது ஒன்று, இன்றைக்கு யாராவது எழுதியது ஒன்று. ஆசிரியருடையது விடுபட்டிருந்தால் பெரிய இழப்பு, ஏனென்றால் அந்தத் தலைமுறைப் பெண்கள் "நான் ஏன் எழுதத் துணிந்தேன்" என்பதைச் சொல்ல முன்னுரையைத்தான் பயன்படுத்தினார்கள். இன்றைய முன்னுரையை நாவலுக்குப் பிறகு படிப்பது நல்லது, முக்கால்வாசிப் பேர் முடிவைச் சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்து நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து முழுசாகப் படியுங்கள். பழைய பிரதியை ஸ்கேன் செய்து, கணினியை விட்டு எழுத்துகளை அடையாளம் காணச் செய்து, யாரும் மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிய புத்தகம் ஒரே பக்கத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். "ரா" இருக்க வேண்டிய இடத்தில் "நா", பத்தி நடுவில் திடீரென்று உடைவது, ஒருவர் பேச்சு முடியும் முன்பே மேற்கோள்குறி மூடுவது, பக்க எண் வாக்கியத்துக்குள் நுழைந்து உட்கார்ந்திருப்பது, இவைதான் அடையாளங்கள். நான் வாங்கிய ஒரு மறுபதிப்பில் ஒரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கமே இல்லை. பழைய பிரதியில் அந்தத் தாள் கிழிந்திருந்திருக்க வேண்டும், அதைச் சொல்லும் ஒரு வரிக் குறிப்புகூட இல்லாமல் அடுத்த அத்தியாயம் தொடங்கிவிட்டது. "இங்கே ஒரு தாள் கிடைக்கவில்லை" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் அந்தப் பதிப்பாசிரியரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

மொழியை மாற்றுவது இன்னொரு தொல்லை. "இன்றைய வாசகர்களுக்காக எளிமைப்படுத்தப்பட்டது", "சுருக்கப்பட்ட பதிப்பு" என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். சந்தி பிரித்து, பத்தி பிரித்துப் போடுவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, அது கண்ணுக்கு நல்லது. ஆனால் "ஜலம்" என்பதைத் "தண்ணீர்" என்று மாற்றினால் அந்த வீடே மாறிவிடுகிறது, யார் யாரோடு எப்படிப் பேசினார்கள் என்பது போய்விடுகிறது.

மூன்றாம் படி: பின்னோக்கிப் போகும்போது கொஞ்சம் தயாராகப் போங்கள்

இப்போது கோதைநாயகி அம்மாளிடம் வரலாம். 1901இல் பிறந்தவர், ஐந்து வயது தாண்டியதும் கல்யாணம், பள்ளிக்கூடம் போனதில்லை. கதை சொல்லத் தெரியும், எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதியதுதான் 'இந்திரமோகனா' என்ற முதல் நாடகம். பிறகு தானே எழுதக் கற்றுக்கொண்டு, 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கி, 'வைதேகி'யைத் தொடராக வெளியிட்டார். கிட்டத்தட்ட 35 ஆண்டுகள் அந்தப் பத்திரிகை நடந்தது. விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். 1966இல் வந்த 'சித்தி' படத்துக்கு மூலம் அவருடைய 'தயாநிதி' நாவல்தான்.

இவருடைய நாவலை 'வாசவேச்வரம்' படித்த கையோடு அதே எதிர்பார்ப்பில் எடுத்தால் ஏமாற்றமாக இருக்கும். இவை மாதாமாதம் தொடராக வந்தவை, அடுத்த இதழுக்கு வாசகியைக் காத்திருக்க வைக்க வேண்டியவை. ஆகவே திருப்பங்கள், எதிர்பாராத சந்திப்புகள், மர்மங்கள், பாத்திரங்கள் நின்று நீளமாக நியாயம் பேசும் இடங்கள் எல்லாம் இருக்கும். படிக்கும்போது நான் கவனிப்பது, கதை எங்கே நின்று பேசத் தொடங்குகிறது என்பதைத்தான். விதவையின் வாழ்க்கை, பெண் படிப்பு, குடி, வரதட்சணை என்று எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ அங்கேதான் அந்தக் காலத்துப் பெண் வாசகிகள் வீட்டில் பேச முடியாத விஷயம் இருக்கிறது. வேகமாகப் படித்துக்கொண்டு போய் அங்கே மட்டும் நிதானமாக நில்லுங்கள்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' வேறு ரகம். 1936இல் வந்தது. 2022 வரை இருந்த அரசுத் திருமண உதவித் திட்டத்தின் பெயராகத்தான் இவரைப் பலருக்குத் தெரியும். தேவதாசிச் சூழலிலேயே வளர்ந்து, அதை ஒழிக்கவே வாழ்நாள் முழுக்கப் போராடியவர், சுயமரியாதை இயக்கத்தில் இருந்தவர், 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் நடந்தவர். வெளியிலிருந்து பரிதாபப்பட்டு எழுதியவர்கள் உண்டு, ரசித்து எழுதியவர்களும் உண்டு. உள்ளே இருந்து வந்து, மைனர்களிடம் எப்படிப் பணம் கறக்கப்படுகிறது, பெண் பிள்ளைகள் எப்படிப் பழக்கப்படுத்தப்படுகிறார்கள், வீட்டில் இருக்கும் மனைவி என்ன ஆகிறாள் என்று கணக்கு வழக்கோடு எழுதியவர் இவர். நடை மேடைப் பேச்சு நடைதான், சில இடங்களில் மாநாட்டுத் தீர்மானத்தை அப்படியே படிப்பதுபோல இருக்கும். அதற்காகத் தாண்டிவிட வேண்டாம். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது, அதற்குப் பதினொரு ஆண்டு முன்பே எழுதப்பட்ட நாவல் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஈழத்துக்குப் போனால் மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்', 1914. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பச் சூழல், விவிலியத் தமிழின் சாயல் கொண்ட நடை. பழைய நடைக்குக் கண் பழகிய பிறகு இதை எடுப்பது நல்லது.

இந்தப் பழைய நாவல்களுக்குக் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் பிரதியில் படிக்கிறீர்கள் என்றால் பழைய எழுத்து வரும். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978இல், அதற்கு முன்பு ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை வைத்த வடிவத்தில் இருக்கும், ணா, றா, னா மூன்றும் கால் தனியாக இல்லாமல் சுழித்து ஒரே எழுத்தாக இருக்கும். அரை மணி நேரம் படித்தால் போதும், கண் தானாகப் பிடித்துக்கொள்ளும். பணம் ரூபாய், அணா, பை என்று வரும். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை, இப்போதுள்ள நூறு பைசாக் கணக்கு 1957இல்தான் வந்தது. கதையில் பெண்ணுக்கு வயது பதினொன்று, பன்னிரண்டு என்று வந்து கல்யாணப் பேச்சு நடந்தால் அது 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டத்துக்கு முன்பா பின்பா என்று பாருங்கள். அந்தச் சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு ஆக்கியது, ஆகவே அதற்குப் பிறகு எழுதப்பட்ட நாவலில் அப்படி ஒரு கல்யாணம் வந்தால் ஆசிரியர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

நான்காம் படி: தேடும் வழிகள்

கடையில் கேட்டால் "இல்லை" என்பார்கள். அந்த இல்லைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று கடையில் இருப்பு இல்லை, இன்னொன்று அச்சிலேயே இல்லை. பதிப்பகத்துக்கே நேராகப் போன் செய்து கேளுங்கள், இப்போது பலரும் ஐம்பது, நூறு பிரதி என்று தேவைக்கேற்ப அச்சிடுகிறார்கள், ஆகவே முன்பதிவாகச் சொல்லிவைத்தால் சில வாரத்தில் வந்துவிடும். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் பட்டியலோடு போங்கள். பெரிய அரங்குகளின் முன்வரிசையில் இவை இருக்காது, அரங்கில் நிற்பவரிடம் எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நாலு பேர் அதே பெயரைக் கேட்டார்கள் என்றால் அது பதிப்பாளர் காதுக்குப் போகும், அடுத்த அச்சு அப்படித்தான் வருகிறது.

இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்தான் முதல் இடம். பழைய நாவல்களின் ஸ்கேன்கள் நிறைய உண்டு, இலவசம். தேடும்போது பெயரைப் பல விதமாகப் போட்டுப் பாருங்கள், கோதைநாயகி, கோதைநாயகி அம்மாள், கோதைநாயகியம்மாள், முன்னெழுத்தோடு, முன்னெழுத்து இல்லாமல். பட்டியல் போட்டவர் எப்படித் தட்டினாரோ அப்படித்தான் கிடைக்கும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்தில் தட்டச்சு செய்த பிரதிகள் இருக்கின்றன, ராஜம் கிருஷ்ணனின் சில நாவல்களை அங்கே போனிலேயே படிக்கலாம். ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே உள்ள இணையதளம்.

நேரில் போக முடிந்தவர்களுக்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா, புதுக்கோட்டையில் ஞானாலயா. முன்கூட்டியே என்ன புத்தகம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் பாடப்புத்தகங்களுக்கு அடியில் எப்போதாவது அனுத்தமா, லக்ஷ்மி போன்ற பழைய பெண் நாவலாசிரியர்கள் தலைகாட்டுவார்கள், அங்கே பொறுமைதான் முதல்.

ஐந்தாம் படி: உரிமை விவகாரம், சுருக்கமாக

யார் வேண்டுமானாலும் அச்சிடலாமா என்று கேட்பவர்களுக்கு. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. கோதைநாயகி அம்மாள் 1960இல் மறைந்தார், ஆகவே 2020 முடிவோடு உரிமை தீர்ந்துவிட்டது. இராமாமிர்தம் அம்மையார் 1962, ஆகவே 2022 முடிவோடு. ஹெப்சிபா 2012, கிருத்திகா 2009, இவர்களுடையது இன்னும் பல பத்தாண்டுகள் உரிமைக்குட்பட்டதுதான், யாராவது பிடிஎஃப் அனுப்பினாலும் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பதுதான் முறை. நடுவில் இன்னொரு வழி நாட்டுடைமை. தமிழ்நாடு அரசு வாரிசுகளுக்கு, அல்லது எழுத்தாளருக்கே, ஒரு தொகையைக் கொடுத்து நூல்களைப் பொதுவாக்கிவிடும். ராஜம் கிருஷ்ணனுக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே 2009இல் அது நடந்தது. நாட்டுடைமையானால் புத்தகம் மலிவாகப் பல இடத்தில் கிடைக்கும், கூடவே மெய்ப்புப் பார்க்காத பதிப்புகளும் பெருகும். இரண்டாம் படியில் சொன்ன சோதனை இங்கேதான் மிகவும் தேவை.

கடைசியாக, உங்கள் வீட்டுப் பரண்

பாட்டிகளும் பெரியம்மாக்களும் வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருப்பார்கள். புத்தகமாகவே வராத நாவல்கள் இப்படி மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. வந்தவையும் தொடரில் ஒரு மாதிரியும் புத்தகத்தில் வேறு மாதிரியும் இருக்கும், நூலாக்கும்போது வெட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதுகை அழுத்தி விரிக்காமல், தாளைப் பிரிக்காமல், போன் கேமராவை மேலிருந்து நேராகப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். விளம்பரம், துணுக்கு, ஓவியம் எதையும் விட்டுவிட வேண்டாம், ஆண்டைக் கண்டுபிடிக்கப் பல சமயம் அந்த விளம்பரம்தான் உதவும். கீழ்மூலையில் பத்திரிகைப் பெயரோ தேதியோ இருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரோஜா முத்தையா நூலகத்துக்கோ, ஈழத்துப் பத்திரிகை என்றால் நூலகம் நிறுவனத்துக்கோ, எழுத்தாளர் பெயர், தொடரின் பெயர், கையில் எத்தனை அத்தியாயம் இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். விடுபட்ட அத்தியாயம் வேறு யாருடைய பைண்டிலாவது இருக்கலாம்.